ஐந்து வருடமா, மூன்று வருடமா? வக்கீல் படிப்பில் சேருமுன் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "வக்கீலுக்கு எது நல்லது தம்பி, அஞ்சு வருசமா, மூணு வருசமா?" நான் பி.காம் முடித்து, நான்கு வருடம் ஒரு கடையில் கணக்கு எழுதி, அப்புறம் மூன்று வருட எல்எல்.பி.யில் சேர்ந்தவன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்தி மகன் பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்து வருட பி.ஏ., எல்எல்.பி.க்குப் போனான். என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதைப் படித்தாலும் கறுப்பு கோட்டு ஒன்றுதான். வக்கீலாகப் பதிவு செய்துகொள்வது (என்ரோல்) தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில். அகில இந்திய பார் தேர்வும் இரண்டு தரப்புக்கும் உண்டு. சேருவதற்குக் குறைந்தபட்ச மதிப்பெண் 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40. ஐந்து வருடத்துக்கு அதை பிளஸ் டூவில் பார்ப்பார்கள், மூன்று வருடத்துக்கு டிகிரியில். அதில் 10 செமஸ்டர், இதில் 6. இன்டர்ன்ஷிப் அதில் 20 வாரம், இதில் 12. பிளஸ் டூவிலிருந்து எண்ணினால் ஐந்து வருடக்காரருக்கு ஒரு வருடம் மிச்சம். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராக டிகிரி வாங்கியவர்களுக்கு மட்டும் மூன்று வருடக் கதவு திறக்காது.

அட்டென்டன்ஸ் இரண்டுக்கும் ஒன்றே. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம். தக்க காரணம் இருந்தால், பாடத்துக்கு 65 இருந்து மொத்தத்தில் 70 வந்தால் பரீட்சை எழுத விடலாம் என்று இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் சொல்கின்றன. இதில் அடிபடுவது பெரும்பாலும் மூன்று வருடக்காரர்தான். வேலையையும் விடாமல் படித்துவிடலாம் என்று நானும்தான் நினைத்தேன். அரியாங்குப்பத்தில் பஸ் நின்றால் முதல் பீரியட் போச்சு. முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் 66-க்கு இறங்கிவிட்டேன். மொத்தத்தில் 70 இருந்ததால் தப்பித்தேன். அடுத்த மாதமே கடை வேலையை விட்டேன். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், அட்டென்டன்ஸ் குறைவுக்காகச் சட்ட மாணவரைப் பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி வேலையையும் படிப்பையும் சேர்த்து ஓட்டலாம் என்று யாரும் இறங்க வேண்டாம்.

சரி, நான் மூன்று வருடத்தைச் சொல்வதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. பாதியில் நின்றால் கையில் என்ன இருக்கும்? அதுதான் என் கேள்வி.

ஐந்து வருடப் படிப்புக்கு நடுவில் வாசல் கிடையாது. மூன்று வருடம் முடித்துவிட்டேன், பி.ஏ.வை மட்டும் கொடுங்கள் என்று கேட்க முடியாது. இரட்டைப் பட்டத்தைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது. டிகிரி முடித்தவர் நடுவில் வந்து ஏறிக்கொள்ளவும் வழியில்லை. சேரும்போது யாருமே இதைக் கேட்பதில்லை. சித்தி வீட்டிலும் கேட்கவில்லை. ஆறு செமஸ்டர் முடிந்திருந்த நேரத்தில் சித்தப்பா படுத்துவிட்டார். முதுநகரில் இருந்த கடையை, படித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பிதான் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு வருடம் கல்லூரிப் பக்கமே போகவில்லை. அந்த நேரம் பார்த்து குரூப் 2 அறிவிப்பு வந்தது. ராத்திரி கடையை அடைத்துவிட்டு விண்ணப்பத்தைத் திறந்தவன், டிகிரி கேட்ட இடத்தில் நின்றுவிட்டான். அரசியல் அறிவியல், பொருளாதாரம் என்று அவன் எழுதித் தேறிய தாள்கள் வரிசையாக இருந்தும், கணக்கில் அவன் வெறும் பிளஸ் டூ. எனக்குப் போன் செய்து, "அண்ணே, மூணு வருசம் என்னதான் படிச்சேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றான்.

நானும் எல்எல்.பி. இரண்டாம் வருடத்தில், அரியர் மூன்று விழுந்த நேரத்தில், விட்டுவிடலாமா என்று நினைத்தவன்தான். ஆனால் பி.காம் சான்றிதழ் பீரோவில் இருந்தது. விட்டாலும் கணக்கு எழுதப் போகலாம் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்து அந்த அரியரை எழுதினேன்.

வேறு ஒரு நன்மையும் பார்த்தேன். கடைசி வருடத்தில் மூட் கோர்ட் என்கிற மாதிரி வழக்காடல் மூன்று, கட்சிக்காரரிடம் பேசிக் குறிப்பெடுப்பது, சிவில் ஒன்றும் கிரிமினல் ஒன்றுமாக விசாரணை பார்த்து ரெக்கார்ட் எழுதுவது, அப்புறம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு, எல்லாம் இரண்டு படிப்பிலும் உண்டு. புதுச்சேரி கடலூர் சாலை கோர்ட்டில் நான் பார்த்த சிவில் வழக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு. சாட்சிக் கூண்டில் நின்றவர் பேரேட்டைப் புரட்ட, எதிர்தரப்பு வக்கீல் ஒரே ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் குடைந்தார். மை வேறு, கையெழுத்து வேறு. பக்கத்தில் இருந்த பையன்கள் எப்போது சாப்பாட்டுக்கு விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருடம் பேரேடு எழுதியவனுக்கு அது சினிமா மாதிரி இருந்தது.

ஐந்து வருடத்துக்கும் நியாயம் உண்டு. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. அந்தக் குறி இருக்கும் பிள்ளைக்கு முன்னாடி கிடைக்கும் ஒரு வருடம் பெரிசு. பெரிய நகரத்துக் கம்பெனி வேலைதான் வேண்டும் என்றாலும் என் பேச்சைக் கேட்காதீர்கள். நான் முன்சீப் கோர்ட் வராந்தாவில் நின்று பேசுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "அஞ்சு வருசத்துல ஒரு வருசம் வீடு ஆட்டம் கண்டா, பிள்ளை படிப்பை விடாம இருக்குமா?" கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்பவர்கள் ஐந்தில் சேரட்டும். போன வாரம் வந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பி.காமுக்குக் கடைசித் தேதி என்ன என்று கேட்டார்.