லோயிஸ் வெபர்: முதலில் எதைப் பார்ப்பது?

மௌனப்பட காலத்திலேயே எழுதி, இயக்கி, நடித்தவர் லோயிஸ் வெபர். அவருடைய 'சஸ்பென்ஸ்' (1913), 'ஷூஸ்' (1916) இரண்டில் எதில் தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

நேரம்: சஸ்பென்ஸ், பத்து நிமிடம்தான். ஷூஸ், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கதை: முன்னதில், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் நாடோடி ஒருவன் நுழைகிறான். பின்னதில், கடையில் வேலை பார்க்கும் ஏழைப்பெண் தன் சம்பளத்தில் குடும்பத்தைத் தாங்குகிறாள். புதுச் செருப்பு வாங்க மட்டும் வழியில்லை.

உத்தி: சஸ்பென்ஸில் திரை மூன்று முக்கோணங்களாகப் பிரியும். போனில் மனைவி, மறுமுனையில் கணவன், இன்னொரு பக்கம் அந்த நாடோடி, மூவரும் ஒரே நேரத்தில்! கணவனைத் துரத்தி வரும் போலீஸ் கார் பக்கக் கண்ணாடியில் தெரிகிற ஷாட்டை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஷூஸில் இந்த வித்தை கிடையாது. அட்டையை வெட்டி, தேய்ந்த அடிப்பாகத்துக்குள் அவள் வைக்கிறாள். மழையில் அது ஊறிப்போகிறது. அந்தக் கால்களை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

எடிட்டிங் கற்கிறவர்கள் சஸ்பென்ஸில் தொடங்கலாம். திரைக்கதை எழுத நினைப்பவர்களுக்கு ஷூஸ்தான். ஒன்றே ஒன்று என்றால், என் ஓட்டும் ஷூஸுக்கே.