வாரம் ஒன்றா, மொத்தமாகவா?

2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் முதல் சீசனை, 13 எபிசோடுகளையும் சேர்த்து, ஒரே நாளில் வெளியிட்டது. தொலைக்காட்சி வந்த காலத்திலிருந்து அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தே பழகிய ரசிகருக்கு அது பெரிய விடுதலை. ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, அதன் முதல் பெரிய தொடரான ‘தி மாண்டலோரியன்’ பழைய வழக்கப்படி வாரவாரம்தான் வந்தது. இரண்டு வழிகளில் எது ரசிகருக்கு நல்லது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட தொடர் வாரவாரம் வர வேண்டும். ஆல்பம் மொத்தமாக வர வேண்டும். விளையாட்டில், இடைவெளி விட்டு நடக்கும் லீக்குக்கே என் ஓட்டு. மூன்று இடத்திலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் ஒரு கதையின் நடுவில் இருக்கும்போது, அதே கதையைப் பார்க்கும் மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மொத்தமாக வெளியான பத்து மணி நேரத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் ஒருவர் மூன்றாம் எபிசோடில் இருப்பார், ஒருவர் முடித்திருப்பார், இன்னொருவர் தொடங்கியே இருக்க மாட்டார். மூவரும் சந்தித்தால் பேச முடிவது “நல்லா இருக்கு, பாரு” என்ற ஒரு வரிதான். அதற்கு மேல் பேசினால் யாராவது ஒருவருக்குக் கதை கெட்டுவிடும். முடித்தவர் வாயைக் கட்டிக்கொள்கிறார்; முடிக்காதவர் ஸ்பாய்லருக்குப் பயந்து சமூக ஊடகங்களின் பக்கமே போகாமல் இருக்கிறார். எல்லோரும் முடிக்கும் நாள் வரும்போது பேச்சின் சூடு ஆறிப்போயிருக்கும்.

வாரம் ஒன்று வரும்போது எல்லோரும் ஒரே வரியில் நிற்கிறோம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசி எபிசோட் 2019 மே 19 அன்று வந்தது. அமெரிக்காவில் மட்டும் அன்றிரவு 1.93 கோடிப் பேர் பார்த்தார்கள். கூட்டத்தின் அளவைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, அந்த ஞாயிறுக்கு முந்தைய ஆறு நாள்கள். யார் அரியணை ஏறுவார், யார் சாவார் என்று கோடிக்கணக்கானோர் ஒரே கேள்வியை ஒரே வாரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியும் தொடரின் ஒரு பகுதியே. எழுதியவர்கள் திரையில் வைக்காத அந்தப் பகுதியை ரசிகர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அதே மே மாதம் அமெரிக்கச் சேனலான எச்.பி.ஓ.வில், அணு உலை விபத்தைச் சொல்லும் ‘செர்னோபில்’ ஓடியது. ஐந்தே எபிசோடுகள்தான். ஒவ்வொன்றும் முடிந்ததும், அதை எழுதிய கிரெய்க் மேசின் ஒரு பாட்காஸ்டில் வந்து, எது உண்மையில் நடந்தது, எதைக் கதைக்காக மாற்றினோம் என்று விளக்கினார். பார்த்தவர்கள் அணு உலை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தார்கள், வாதாடினார்கள், அடுத்த வாரம் இன்னும் தெளிவான கண்ணோடு உட்கார்ந்தார்கள். ஐந்தையும் ஓர் இரவில் பார்த்திருந்தால் அந்தப் படிப்புக்கு நேரம் ஏது?

நினைவு விஷயமும் இதோடு சேர்ந்தது. 2017-இல் வெளியான மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒரே தொடரை மூன்று குழுக்களுக்கு மூன்று விதமாகக் காட்டினார்கள்: வாரம் ஒன்று, நாள் ஒன்று, ஒரே அமர்வில் எல்லாம். மறுநாள் கேள்வி கேட்டபோது மொத்தமாகப் பார்த்தவர்களே அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். நாள்கள் செல்லச் செல்ல அவர்களுடைய நினைவுதான் வேகமாகத் தேய்ந்தது; ரசித்த அளவும் அவர்களிடமே குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் போன ஆண்டு இரண்டே நாளில் முடித்த ஒரு தொடரின் நாயகன் பெயரை நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த ஆய்வு எதைச் சொல்கிறது என்பது புரியும்.

மறுபக்கத்தின் வாதம் பலவீனமானதல்ல. ‘ஸ்க்விட் கேம்’ 2021 செப்டம்பர் 17 அன்று ஒன்பது எபிசோடுகளோடு மொத்தமாக வந்தது. கொரிய மொழித் தொடர். கொரியாவுக்கு வெளியே பெரும்பாலோருக்கு அதில் நடித்தவர்கள் யாரென்றே தெரியாது. முதல் நான்கு வாரங்களில் 14.2 கோடி வீடுகளில் அதைப் பார்த்ததாக நெட்ஃபிளிக்ஸ் கணக்குச் சொன்னது. முதல் எபிசோடை மட்டும் கொடுத்து ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் திரும்பி வந்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். தெரியாத மொழி, தெரியாத முகங்கள் என்றால், கதைக்குள் இழுத்துப் பிடிக்க இரண்டு மூன்று மணி நேரமாவது தேவை. அறிமுகமில்லாத படைப்புக்கு மொத்த வெளியீடு ஒரு பாதுகாப்பு. இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

இன்னொரு நியாயமும் உண்டு. வாரவாரம் வரும்போது ஒரு சுமாரான எபிசோட் ஏழு நாள் பாரமாகத் தொங்கும். மொத்தமாகப் பார்க்கும்போது அடுத்த எபிசோட் அதை மறக்கடித்துவிடும். எதிர்பார்ப்பும் அப்படித்தான். காத்திருக்கக் காத்திருக்க அது வளர்கிறது, முடிவு சறுக்கினால் கோபமும் அதே அளவு வளர்கிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனைத் திருத்தி எடுக்கச் சொல்லி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒரே வார இறுதியில் பார்த்து முடித்த தொடருக்காக யாரும் அவ்வளவு கோபப்பட மாட்டார்கள். எனக்கு அதுகூட வாராந்திர முறைக்குக் கிடைத்த சான்றிதழாகவே தெரிகிறது.

நீளம்தான் இங்கே கோடு போடுகிறது. 2025 மார்ச்சில் வந்த ‘அடலசென்ஸ்’ நான்கே எபிசோடுகள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். மொத்தமாக வந்தது, அப்படி வந்ததுதான் சரி. நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பார்க்க நினைத்தவர்கள் ஓரிரு நாளில் முடித்துவிட்டார்கள், பேச்சு சிதறவில்லை. எட்டு மணி, பத்து மணி என்று போகும்போதுதான் கூட்டம் கலைகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆண்டோர்’ இரண்டாம் சீசன். 2025-இல் 12 எபிசோடுகளை வாரத்துக்கு மூன்றாக நான்கு வாரங்களில் கொடுத்தார்கள். கதையிலும் ஒவ்வொரு மூன்று எபிசோடுக்கும் இடையில் ஓர் ஆண்டு ஓடிவிடுகிறது. கதை விடும் இடைவெளியில்தான் நமக்கும் இடைவெளி. வெளியீட்டு முறையையும் கதை சொல்லும் முறையையும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்த்த தொடர்கள் அரிது. ‘தி பாய்ஸ்’ இரண்டாம் சீசன் 2020-இல் முதல் மூன்றைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மீதியை வாரம் ஒன்றாக விட்டது. முதல் சீசன் மொத்தமாக வந்திருந்ததால் ரசிகர்கள் கொதித்து, தொடரின் மதிப்பெண்ணையே இறக்கினார்கள். பழகியதைப் பறித்தால் கோபம் வரும்தான். ஆனால் முதலில் மூன்று, பிறகு வாரம் ஒன்று என்பது நல்ல கணக்கு. அறிமுகத்துக்குத் தேவையான நேரமும் கிடைக்கிறது, பேச்சுக்குத் தேவையான இடைவெளியும் கிடைக்கிறது.

நிறுவனங்கள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதில் பணக் கணக்கு இருக்கிறது. ஒரே மாதச் சந்தா கட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியேறுபவரை, வாரத் தொடர் இரண்டு மூன்று மாதம் பிடித்து வைக்கும். நெட்ஃபிளிக்ஸே 2022-இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனை மே 27, ஜூலை 1 என இரண்டாகப் பிரித்தது. அது அவர்கள் கவலை. நம் ரசனைக்கு அதனால் நன்மை வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

சினிமாவில் இதே கேள்வி இரண்டு பாகம் என்ற வடிவில் வருகிறது. ‘பாகுபலி’ முதல் பாகம் 2015 ஜூலை 10-இல் கட்டப்பா வாளோடு நின்றது; பதில் 2017 ஏப்ரல் 28-இல் கிடைத்தது. ஏறத்தாழ 21 மாதங்கள் “கட்டப்பா ஏன் கொன்றார்?” என்று ஊரே கேட்டது. ஐந்து மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கதையை ஒரே படமாகக் காட்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு ஆயுள் ஒரு இடைவேளைதான். ஆனால் எல்லாக் கதைக்கும் இது பொருந்தாது. கேள்வி கூர்மையாக இல்லாத படத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு அரைப் படங்கள்தான் மிஞ்சும். ‘பொன்னியின் செல்வன்’ 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வாரவாரம் வந்தும் வாசகர் களைக்கவில்லை என்றால், ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் கல்கி அப்படி ஒரு கேள்வியை வைத்திருந்தார் என்பதால்தான்.

பாட்டுக்கு வரும்போது நான் கட்சி மாறுகிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் பாடல்கள் 9. அதில் 7 பாடல்கள் தனித்தனி சிங்கிள்களாக வந்தன, ஏழுமே அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தன. முதல் சிங்கிள் 1982 அக்டோபரில், கடைசியது அங்கே 1984 ஜனவரியில். ஓர் ஆல்பத்தை ஓராண்டுக்கும் மேல் வானொலியில் வாழவைத்த சாதனை அது. ஆனால் சிங்கிள் வழியே கேட்பவருக்குப் பாடல்கள்தான் கிடைக்கும், வரிசை கிடைக்காது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எங்கே வேகம் இறங்குகிறது, எந்த மௌனத்துக்குப் பின் தாளம் எழுகிறது என்று கலைஞர் உட்கார்ந்து அடுக்கியது கேட்கப்படாமலே போகும்.

2013 டிசம்பர் 13 அன்று பியான்சே தன் பெயரையே வைத்த ஆல்பத்தை எந்த அறிவிப்பும் இல்லாமல் வெளியிட்டார்: 14 பாடல்கள், 17 காணொளிகள். முதல் வாரம் ஐடியூன்ஸில் மட்டும் விற்பனை. தனிப் பாடலாக வாங்க முடியாது, வாங்கினால் முழுதும் வாங்க வேண்டும். அந்த முடிவில் தன் படைப்பின் மேல் இருந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஒரு மணி நேரச் சொச்சத்தில் கேட்டு முடித்துவிடலாம் என்பதால், அன்று மாலைக்குள் ஆர்வமுள்ள எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தொடரில் பேச்சைக் குலைக்கும் அதே முறை, பாட்டில் பேச்சைத் தொடங்கிவைக்கிறது. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுதும் புதிய இசை வெள்ளிக்கிழமை வெளியாகும் என்று தொழில்துறை முடிவு செய்தது (பாகுபலி வந்த அதே நாள்!). அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று சிதறியிருந்த ரசிகர்கள் ஒரே நாளுக்கு வந்தார்கள்.

ஆனால் மொத்தம் என்பதற்கும் அளவு உண்டு. 2024 ஏப்ரல் 19-இல் டெய்லர் ஸ்விஃப்ட் 16 பாடல்களை வெளியிட்டு, இரண்டே மணி நேரத்தில் மேலும் 15 சேர்த்தார். அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 பாடல் பட்டியலின் முதல் 14 இடங்களையும் அந்த ஆல்பம் பிடித்தது. வணிகமாக மாபெரும் வெற்றி. கேட்பவனாக எனக்கு 31 பாடல்கள் இரண்டு மணி நேரம். அவற்றில் அருமையான சில பாடல்கள் வரிசையின் பின்பகுதியில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அந்த 15-ஐ ஆறு மாதம் கழித்துத் தனி ஆல்பமாகத் தந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய காது கிடைத்திருக்கும்.

விளையாட்டை யாரும் மொத்தமாக வெளியிட முடியாது, முடிவு இன்னும் நடக்கவில்லையே. ஆனால் ஆட்டங்களுக்கு நடுவே எவ்வளவு மூச்சு விடுவது என்பதை அமைப்பாளர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்காவில் ஓர் அணி ஒரு சீசனில் பேஸ்பாலில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, என்.பி.ஏ. கூடைப்பந்தில் 82, என்.எஃப்.எல். அமெரிக்கக் கால்பந்தில் 17. இதில் 17 ஆட்டங்கள் ஆடும் லீக்கில் ஒவ்வொரு தோல்வியும் ஒரு வாரம் வலிக்கிறது. 162-இல் நேற்றைய தோல்வியை இன்றைய ஆட்டம் துடைத்துவிடுகிறது.

2022 கால்பந்து உலகக் கோப்பையில் குழுச் சுற்றின் 48 ஆட்டங்கள் 13 நாளில் முடிந்தன. பெரும்பாலான நாள்களில் நான்கு ஆட்டங்கள். நவம்பர் 22 அன்று சவூதி அரேபியா 2-1 என அர்ஜென்டினாவை வீழ்த்தியது. உலகக் கோப்பை வரலாற்றின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. அதை நாம் முழுதாக அசைபோடுவதற்குள், மறுநாளே ஜப்பான் அதே 2-1 கணக்கில் ஜெர்மனியை வீழ்த்திவிட்டது, அன்றே ஸ்பெயின் ஏழு கோல் அடித்துவிட்டது. சவூதியின் வெற்றிக்கு ஒரு வாரம் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கு எதிர்ப்புறம் இங்கிலாந்துக் கால்பந்து அணியான லெஸ்டர் சிட்டி. 2015-16 பிரீமியர் லீக் தொடங்கும்போது அவர்கள் பட்டம் வெல்ல பந்தய நிறுவனங்கள் கொடுத்த விகிதம் 5000-க்கு 1. அந்த ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அவர்களுடைய வீரர் ஜேமி வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்தார். பழைய சாதனையான 10, மான்செஸ்டர் யுனைடெட் வீரர் வான் நிஸ்டல்ரூயுடையது; 11-ஆவது கோல் அதே யுனைடெடுக்கு எதிராக வந்தது. “இந்த வாரமும் அடிப்பாரா?” என்ற கேள்விக்கு மூன்று மாத ஆயுள். உலகக் கோப்பை வெல்லும் அணிகூட 2022 வரை ஏழு ஆட்டங்கள்தான் ஆடியது. இப்படி ஒரு கதை அங்கே முளைக்கவே இடமில்லை. அந்தப் பட்டம் உறுதியான 2016 மே 2 அன்று லெஸ்டர் ஆடவே இல்லை. இரண்டாம் இடத்தில் துரத்திவந்த டாட்டன்ஹாம், செல்சியோடு 2-2 என டிரா செய்ததால் லெஸ்டர் சாம்பியன். ஒன்பது மாதமாகச் சேர்த்த புள்ளிகள் அன்று பேசின.

உலகக் கோப்பையும் கடைசிக் கட்டத்தில் மூச்சு விடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2022-இல் காலிறுதிகள் டிசம்பர் 9, 10; அரையிறுதிகள் 13, 14; இறுதிப்போட்டி 18. அர்ஜென்டினாவின் மெஸ்ஸிக்குக் கோப்பை கிடைக்குமா என்று உலகம் பேசியது அந்த நான்கு நாள் இடைவெளியில்தான். 3-3, பிறகு பெனால்டியில் 4-2 என்ற அந்த இறுதிப்போட்டியை நாம் அவ்வளவு தயாராகப் பார்த்ததற்கு அந்த நாள்களும் காரணம். 2026-இல் 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று ஆகிவிட்டது; குழுச் சுற்று மட்டும் 72. இவ்வளவையும் துரத்துவதைவிட, ஒரே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அதன் நான்கு அணிகளை, ஆறு ஆட்டங்களை மட்டும் முழுதாகப் பாருங்கள். அதே குழுவைப் பார்க்கும் இன்னொருவரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.