நான்கு பருவங்கள் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த பைனாகுலர் சென்ற வாரம்தான் கைக்கு வந்தது. அதே வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, வலசைப் பறவைகள் வந்துவிட்டன. நீங்கள் வைத்திருக்கும் 8×42 பைனாகுலரையே நானும் வாங்கலாமா? விலை 300 ரிங்கிட் இறங்கியிருக்கிறது" என்றார். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்பதுதான் 8×42. நான்கு வலசைப் பருவங்கள் பயன்படுத்தியவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் என் கோபம். பெட்டியில் 'நீர் புகாது, ஆவி படியாது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பதால் உட்புறத்தில் ஆவி படியாது என்பது உண்மைதான். கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்து எத்தனையோ பைனாகுலர்கள் வீணாகும் இந்த ஊர் ஈரத்தில், என்னுடையதில் இன்றுவரை ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் வெளிக்கண்ணாடிக்கு அந்த உறுதி கிடையாது. அதைப் பெட்டியில் எங்கேயும் சொல்லவில்லை.

பினாங்குத் தீவில் உள்ள தெலுக் பாஹாங் அணைக்கு, பத்து பெரிங்கி என்ற கடற்கரை ஊர் வழியாகக் குளிர்சாதனக் காரில் போய் இறங்குகிறேன். சற்று முன் பெய்த மழையில் சாலை புகைகிறது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் எல்லாம் ஒரே வெள்ளை. கண்ணாடி சில்லிட்டிருக்கிறது, காற்று வெப்பமும் ஈரமுமாக இருக்கிறது; ஆவி படியாமல் என்ன செய்யும்? துடைத்தால் மறுபடியும் படிகிறது. இரண்டாம் பருவத்தில் ஒரு நவம்பர் காலை, விராலடிப்பான் என்னும் மீன்பிடி வேட்டைப் பறவை ஒன்று நீருக்கு மேல் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டி விழுந்தது. 'சளார்' என்ற சத்தம் மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. கண்ணாடி தெளிந்தபோது, மீனைத் தலை முன்னோக்கி இருக்கும்படி பற்றிக்கொண்டு அது காட்டு விளிம்பைக் கடந்துகொண்டிருந்தது. அந்தக் காலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது கடைசி இருபது நிமிடப் பயணத்தில் குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிடுகிறேன். பைனாகுலர் பின்பக்கச் சாமான் பெட்டியில் இருக்கிறது. பெருமளவு சரியாகிவிட்டது.

பழுது, வலது கண் பக்கத்து ரப்பர் வளையம். திருகி உயர்த்தினால் நிற்காமல் கீழே இறங்கிவிடும். பத்து நாள் என்று சொன்ன கடை பத்து வாரம் எடுத்துக்கொண்டது. செப்டம்பரும் அக்டோபரும் வெறுங்கண்ணோடு கழிந்தன.

இத்தனைக்கும் பிறகு இதை ஏன் வைத்திருக்கிறேன்? மேகம் மூடிய ஒளியில் இது காட்டுவதற்காகத்தான். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது; அதனால் மங்கலிலும் காட்சி துலங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தீவில் காலை ஏழு மணிக்கும் இருட்டு விலகாது. அந்த நேரத்தில் கரைக் கற்களின் மேல் உள்ளான் என்னும் நீர்க்கரைச் சிறு பறவை ஒன்று நின்றது. வெறுங்கண்ணுக்கு அது இன்னொரு கல். பைனாகுலரில் தோளுக்கு முன்னால் ஏறிய வெள்ளைப் பிறை, நில்லாமல் ஆடும் பின்பாகம், அலகு நுனியில் ஒரு நீர்த்துளி. வடக்கே எங்கோ குளிர்நாட்டு ஆற்றங்கரையில் முட்டையிலிருந்து வெளிவந்த பறவை, நம் குடிநீர் அணையில் மழைக்கு ஒதுங்காமல் நிற்கிறது. துளி விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்து வெயில் ஏறிவிட்டால் இதன் தனிச்சிறப்பு பெரிதாகத் தெரியாது. முக்கால் கிலோ எடையில் கழுத்துதான் வலிக்கும். அப்போது முன்கண்ணாடி சிறிதான, எடை குறைந்த 8×32 போதும்.

தம்பியிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். விலை இறங்கினாலும் வேண்டாம்; அந்த ரப்பர் வளையத்தை மாற்றி வடிவமைக்கும்வரை வேண்டாம். அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை அணைக்கு வாருங்கள், மாற்றி மாற்றிப் பார்ப்போம் என்றேன்.