பழைய பைக்கின் காலிப்பர்: சீல் கிட் போதுமா, புதியது வேண்டுமா?

பிரேக் லீவரை விட்ட பிறகும் முன்சக்கரம் இறுகியே சுற்றினால், முதலில் காலிப்பரின், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகத்தின், பிளீடர் திருகைச் (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பிரேக் ஆயில் கசிந்தவுடன் சக்கரம் இலகுவானால், கோளாறு லீவரை ஒட்டியுள்ள மாஸ்டர் சிலிண்டரிலோ அடைத்த ஆயில் ஹோஸிலோ இருக்கிறது. அப்படியும் இறுக்கம் குறையாவிட்டால்தான், ரப்பர் சீல்களை மட்டும் மாற்றும் சீல் கிட் போதுமா, புதிய காலிப்பரே வேண்டுமா என்ற கேள்வியே எழுகிறது.

செலவு: சீல் கிட்டுக்குக் குறைவு, முழுக் காலிப்பருக்குப் பல மடங்கு.
வேலை: சீல் கிட்டுக்குப் பொறுமை வேண்டும், புதியதைப் பொருத்திக் காற்றை வெளியேற்றினால் போதும்.

புதிய சீல் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதை, காலிப்பருக்குள் பிரேக் பேடைத் தள்ளும் பிஸ்டனே சொல்லிவிடும். அதைக் கழற்றித் துடைத்து, சீல் உரசும் பகுதியில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டுமளவுக்குத் துருக்குழி இருந்தால், அந்தப் பிஸ்டனில் புதிய சீலும் நிலைக்காது. பலர் கவனிக்கத் தவறுவது சீல் அமரும் பள்ளத்தை: அங்கே படியும் வெள்ளைப் பொருக்கு சீலை வெளியே தள்ளிப் பிஸ்டனை இறுக்கிப் பிடிப்பதால், அதைச் சுரண்டி எடுக்காமல் சீலை மட்டும் மாற்றுவது வீண். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும் என்பதால், தயவுசெய்து அதைத் தடவாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஆயில் புதியதாக இருக்கட்டும். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலையான 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கலாம்.

பிஸ்டன் வழவழப்பாக இருந்து, உங்களுக்கு நேரமும் இருந்தால் சீல் கிட்டே சரி. காலிப்பரின் உடல் பகுதி அரித்திருந்தாலோ, பிளீடர் திருகு உடைந்திருந்தாலோ, தினமும் ஓட்டியாக வேண்டிய வண்டியென்றாலோ, புதிய காலிப்பரையே வாங்குங்கள்.