போர்ச்சுத்தியல் செய்து தருகிறோம் என்பவர்களிடம் முன்பணம் கொடுக்கும் முன்

பெங்களூரில் கேம்பிங், டிரெக்கிங் என்று வாரக்கடைசியில் கிளம்புகிறவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. பழைய ஐரோப்பியப் போர்ச்சுத்தியல் மாதிரியில், கேட்கிற அளவில், காட்டில் எல்லா வேலைக்கும் உதவும் கருவி செய்து தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார்கள். அப்படி ஒரு பட்டறையில் 7,500 ரூபாய் கொடுத்து வாங்கிய சுத்தியலின் தலை, கூடார முளை அடிக்கும்போது கழன்று பறந்து, என் அக்கா மகனின் காதோரமாகப் போய்ப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தில் மோதி விழுந்தது. அவனுக்கு ஒன்பது வயது. காயம் இல்லை. ஆனால் அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தவன் நான். இதை எழுதாமல் விட முடியாது.

பட்டறையின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. என்ன செய்து ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். அதே வேலையை வேறு பெயரில் வேறு ஆளும் செய்யலாம்.

போர்ச்சுத்தியல் எதற்கு, சாதாரணச் சுத்தியல் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வீரர்கள் உடல் முழுக்க எஃகுத் தகட்டுக் கவசம் போட ஆரம்பித்த பிறகு, வாள்வீச்சு கவசத்தில் வழுக்கிப் போனது. கவசத்தை நசுக்கவும் துளைக்கவும் பரவியதுதான் இந்தச் சுத்தியல். ஒரு பக்கம் தட்டையான முகம், மறுபக்கம் வளைந்த கூரான அலகு. விளையாட்டுப் படங்களில் வருகிற ராட்சசக் கட்டி இல்லை. ஒரு கையால் வீசுகிற சுத்தியல் மொத்தமே பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தலையிலிருந்து காம்பின் பக்கவாட்டில் நீள இரும்புப் பட்டைகள் இறங்கும். குறி தவறிக் காம்பில் அடி பட்டாலும் மரம் முறியாமல் அவை காக்கும்.

இந்த வடிவத்தில் உண்மையிலேயே பயன் இருக்கிறது. முகத்தால் முளை அடிக்கலாம். அலகின் கூரை மழுக்கி, களைக்கொத்து மாதிரி ஓர் அங்குல அகலத்துக்குத் தட்டையாக்கிவிட்டால் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் கீறலாம், அடுப்புக்குக் குழி தோண்டலாம், கல் நெம்பலாம். நான் கேட்டது அதைத்தான். சக்லேஷ்புரம் பக்கம் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் அவ்வப்போது குடும்பத்தோடு தங்குவோம், அங்கே பயன்படுத்துவதற்கு.

வாட்ஸ்அப்பில் எல்லாம் எழுத்தில் பேசி முடித்தேன். தலைக்கு ஈ.என்.9 என்ற கார்பன் கூடிய எஃகு, எடை 900 கிராம். முகமும் அலகும் தோய்ச்சல் போட்டது, அதாவது சிவக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கியது. காம்பு கருவேலம், தலையின் துளைக்குள் முழுக்கப் போய் மேலே ஆப்பு இறங்க வேண்டும். பக்கப் பட்டைகள் இரண்டும் காம்பை ஊடுருவிப் போகும் ரிவெட்டால் பிணைக்கப்பட வேண்டும். "எல்லாம் பண்ணிடலாம் சார், உங்கள மாதிரி விஷயம் தெரிஞ்சவங்களுக்குச் செய்யறதே ஒரு சந்தோஷம்" என்று பட்டறைக்காரர் சொன்னார். நம் ஊர்க்காரர், பேச்சில் அவ்வளவு மரியாதை. காம்பின் அடியில் குடைந்து ஒரு திசைகாட்டியும் தீமூட்டும் குச்சியும் வைத்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

வந்த பொருள் பார்க்க அழகு. கறுப்பு மெருகு, காம்பு முழுக்கப் பச்சைப் பாராகார்டு கயிறு, பக்கப் பட்டைகளில் வரிசையாக ரிவெட் தலைகள். கையில் தூக்கினால் தலைப் பக்கமே கனத்தது. கேட்டதற்கு, "கொஞ்சம் வெயிட் இருந்தாத்தான் சார் அடி விழும்" என்று பதில்.

தோட்டத்தில் முதலில் தெரிந்தது முகத்தில் விழுந்த பள்ளங்கள். முளை சாதாரண இரும்புக் கம்பி. அதை அடித்ததில் முளையின் தலை நசுங்க வேண்டும்; இங்கே சுத்தியலின் முகம் குழிந்தது. செம்புறாங்கல் ஒன்றை நெம்பியபோது அலகு வளைந்தது, வளைந்தபடியே நின்றது. இரண்டையும் பார்த்துவிட்டுக் கருவியை ஓரமாக வைத்தேன். நண்பர் கடைசி முளை ஒன்றுதானே என்று எடுத்து அடித்தார். அப்போதுதான் தலை பறந்தது.

அன்று இரவே கயிற்றை அவிழ்த்துப் பார்த்தோம். அந்தக் கயிறு பிடிமானத்துக்காகச் சுற்றியது இல்லை, மறைப்பதற்காகச் சுற்றியது. தலையில் துளையே போடவில்லை. இரும்புக் கட்டியின் அடியில் ஒரு துண்டுக் குழாயை வெல்டிங் வைத்து, அதற்குள் மரத்தை இரண்டு அங்குலம் மட்டும் நுழைத்து, எம்-சீல் பசை போட்டு அடைத்திருந்தார்கள். வெல்டிங்கில் பாதி சுற்றுதான் பிடித்திருந்தது, மீதி வெறும் ஒட்டல். பக்கப் பட்டைகள் மெல்லிய தகரம், பசையால் ஒட்டியது. ரிவெட் என்று நாங்கள் நினைத்தவை ஆணித் தலைகள். தண்டை வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் ஒட்டியிருந்தார்கள். உள்ளே எதுவும் போகவில்லை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியாது. ஒவ்வோர் ஆணியாக வெட்டி, வரிசை பார்த்து ஒட்டிய ஒருவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும்.

காம்பின் அடிப்பக்கத்தை வேறு முக்கால் அங்குல அகலத்துக்குக் குடைந்து, இரும்பு மூடி போட்டிருந்தார்கள். அந்த மூடிக்குள் திசைகாட்டி. இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்த முள் அதன் பக்கமே இழுபடும், வடக்கைக் காட்டாது. காட்டில் வழி தவறிய ஒருவர் அதை நம்பி நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

பெங்களூர் வந்ததும் பீன்யா தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது எஃகைக் காய்ச்சிப் பதப்படுத்தும் வேலை செய்யும் ஒரு கடைக்குத் தலையை எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் ஓர் அரத்தை எடுத்து முகத்தில் ஒரு தள்ளு தள்ளினார். அரம் கடித்துக்கொண்டு தூள் கொட்டியது. "ஹார்டன் பண்ண பீஸா இருந்தா அரம் வழுக்கிட்டுப் போகும் தம்பி, இது வெண்ணெய்" என்றார். கிரைண்டரில் வைத்துப் பொறி காட்டினார். கார்பன் அதிகமுள்ள எஃகில் பொறி கிளை கிளையாக வெடித்துப் பூக்கும். இதில் நீள நீளக் கோடுகளாக ஓடியது, வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றும்தான். கடினத்தை அளக்கும் ராக்வெல் எந்திரத்தில் வைத்தார், கடின எஃகுக்கான சி ஸ்கேலில் எண்ணே நிற்கவில்லை. நல்ல சுத்தியலின் முகம் 50ஐ ஒட்டி நிற்க வேண்டிய இடம் அது. ஒரு மூலையை வெட்டிச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி, மறுபடி அரம் போட்டார். அப்போதும் கடித்தது.

காரணம் எளிது. ஈ.என்.9 எஃகில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். எம்.எஸ். என்று கடைகளில் கிடைக்கும் மெல்லிரும்பில் கால் சதவீதம்கூட இருக்காது. கார்பன் இவ்வளவு குறைந்த இரும்பை எத்தனை முறை காய்ச்சி முக்கினாலும் தோய்ச்சல் ஏறாது. கார்பன் இருக்கிற எஃகிலும் முக்குவதோடு வேலை முடிவதில்லை. முக்கியதும் கண்ணாடிபோல உடையும் நிலைக்கு வந்துவிடும். அதை மறுபடி இதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அந்தச் சூட்டை நிறத்தில் அறியலாம்: மெருகிட்ட பரப்பில் வைக்கோல் மஞ்சள் வந்தால் ஏறக்குறைய 230 டிகிரி, நீலம் வந்தால் 300. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்ததும் இப்படிச் சூடு அறிந்த கொல்லர்களால்தான். இந்த இரண்டாம் சூட்டைத் தவிர்த்துவிட்டு வெறும் கடினத்தைக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுத்தியலில் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். மென்மையான இரும்பைவிட அது ஆபத்து.

பீன்யாவிலிருந்தே பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். முதலில் "லாரி ஸ்பிரிங் பட்டைல செஞ்சது சார், ஈ.என்.9ஐ விட ஒசத்தி" என்றார். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், "லாரிப் பட்டை அரை அங்குலத்தச் சுத்தி வரும். ஒன்றரை அங்குலக் கட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளு" என்றார். கேட்டேன். பேச்சு மாறியது. "நீங்க அத முரட்டுத்தனமா யூஸ் பண்ணிருக்கீங்க. அது டிஸ்ப்ளே பீஸ். பில்லப் பாருங்க" என்றார். பில் என்று அவர் சொன்னது வெறும் எஸ்டிமேட் சீட்டு, ஜி.எஸ்.டி. எண்கூட இல்லை. பேசியபோது இல்லாத ஒரு வரி, பொருளோடு வந்த அந்தச் சீட்டின் அடியில் இருந்தது: அலங்காரப் பொருள். முளை அடிக்க, குழி தோண்ட என்று நான் எழுதியதற்கெல்லாம் அவர் கட்டை விரல் போட்டு ஒப்புக்கொண்ட செய்திகள் என் போனில் இருக்கின்றன.

அவர் சொன்ன இன்னொரு பொய் பணத்தைவிடப் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். "டிரெக்கிங் போறவங்க எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க சார், ஃபாரஸ்ட்காரங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 31: சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தி உண்டு, வலை உண்டு, விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் உண்டு. குமார பர்வதம் புஷ்பகிரி சரணாலயத்துக்குள் வருகிறது, குதிரேமுக் தேசியப் பூங்கா. இங்கெல்லாம் பையில் போர்ச்சுத்தியலோடு போய் நிற்காதீர்கள். அதில் கோடாரி வாய் வைத்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வாள், ஈட்டியோடு போர்க்கோடாரியும் பெயர் சொல்லி இருக்கிறது.

காம்பு விஷயத்தில் பெரியவர் சொன்னது எனக்குப் பிடித்தது. ஊரைவிட்டுத் தள்ளிப் போகிற கருவிக்குப் பிக்காசு மாதிரி காம்பு போடு என்றார். பிக்காசின் துளை மேலே அகலம், கீழே குறுகல். காம்பின் தடித்த முனை மேல்பக்கம் வரும்படி செருகுவதால், வீச வீசத் தலை இறுகுமே தவிரக் கழலாது. ஆப்பு வேண்டாம், பசை வேண்டாம். காம்பு உடைந்தால் கிடைத்த கட்டையைச் செதுக்கி அங்கேயே மாட்டிக்கொள்ளலாம். போர்ச்சுத்தியல் தலைக்கும் இதே துளை போட முடியும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பேசித் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்று பட்டறைக்காரர் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். எடுக்கப் போவதில்லை.

நேற்றுப் பார்த்தேன், அதே கறுப்பு மெருகு, அதே பச்சைக் கயிறு, அதே ரிவெட் வரிசையோடு புதிய பக்கம் ஒன்றில் படம் வந்திருக்கிறது. விலை 9,000. யாராவது ஆர்டர் கொடுத்திருந்தால், கயிறு சுற்றும் முன்பு காம்பையும் தலையின் மேல்பக்கத்தையும் படம் அனுப்பச் சொல்லுங்கள். துளைக்குள் மரத்தின் முனை தெரிய வேண்டும். பட்டையின் ஒரு பக்கம் இருக்கிற ரிவெட், நேர் எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் வெளியே வந்திருக்க வேண்டும். மீதிப் பணம் கொடுக்கும்போது பையில் ஓர் அரம் இருக்கட்டும். அனுப்ப மறுத்தாலோ அரம் போட விடாவிட்டாலோ, போன முன்பணம் போகட்டும், பொருளை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.