தீவா, தபால்தலையா, சாய்தளமா: ராமநாதபுரம் கரைக்கு ஏற்ற குறுகிய கோல்ஃப் ஹோல் எது?

மண்டபத்துக்கும் சாயல்குடிக்கும் இடையில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி மூன்று ஏக்கர் பனங்காடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 130 யார்டு (கஜம்) அளவில் ஒரே ஒரு பார் 3 ஹோல், அதாவது மூன்று அடியில் பந்தைக் குழிக்குள் போட்டு முடிக்க வேண்டிய கோல்ஃப் களம், போட வேண்டும். வந்தவர்கள் ஒருமுறை ஆடிவிட்டுப் போய்விடாமல் மறுநாளும் வர வேண்டும். கணக்குக்கு இடம் போதும்: முன்னும் பின்னும் சேர்த்து 180 யார்டு நீளம், வழிதவறும் பந்துக்கு இடம் விட்டு 80 யார்டு அகலம் எடுத்தால் மூன்று ஏக்கருக்குள் முடிகிறது. கரையோர மணல்மேட்டில் மட்டும் கைவைக்கக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் அது மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதி. விதி இல்லாவிட்டாலும், அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மணலைக் கிளறினால் அடுத்த ஆடியில் அது கிரீன் மேல், அதாவது பந்து விழ வேண்டிய குழி இருக்கும் ஒட்ட நறுக்கிய புல்தரை மேல், வந்து உட்காரும்.

மாதிரிக்கு உலகில் மூன்று பெயர்பெற்ற வகைகள் உண்டு: நான்கு புறமும் தண்ணீர் சூழ்ந்த தீவு, சுற்றிலும் மணற்குழி வைத்த சின்னஞ்சிறு மேட்டுக் கிரீன், குறுக்காகச் சாய்ந்து பந்தை உருட்டி வாங்கிக்கொள்ளும் கிரீன். மூன்றையும் எடைபோட ஒரே கேள்வி போதும். அடி கொஞ்சம் பிசகிய பிறகு ஆடுகிறவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? குறுகிய ஹோலின் ருசி அதில்தான் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக்காரரும், முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து கிரீனை எட்டிவிட முடிகிற இடத்தில், சோதிக்க வேண்டியது பலத்தை அல்ல.

முதலில் காற்று. கோல்ஃபர்கள் கையாளும் தோராயக் கணக்கு இது: எதிர்காற்றில் மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு, அடிக்க வேண்டிய தூரம் ஒரு சதவீதம் கூடும், பின்காற்றில் அதில் பாதி குறையும். மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர் காற்றில், 120 யார்டு ஹோல் எதிர்காற்றுக்கு 144 யார்டாகவும் பின்காற்றுக்கு 108 யார்டாகவும் ஆகிவிடும். காற்றில்லாத நாளில் 9 அயர்ன் மட்டை எடுப்பவர் ஒருநாள் பந்தை அதைவிடத் தூரம் அனுப்பும் 7 அயர்னும் இன்னொரு நாள் குறைந்த தூரத்துக்கான வெட்ஜும் எடுப்பார். இந்தக் கரையில் தென்மேற்குக் காற்று தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களும் உண்டு, வடகிழக்கு வாடை வடகடலைக் கலக்கும் மாதங்களும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு தடவை காற்று அடியோடு திசை மாறும் ஊரில் ஹோலுக்கு 200 யார்டு நீளம் எதற்கு?

தீவு மாதிரியின் அரசன் ஃப்ளோரிடாவின் டிபிசி சாக்ராஸ் மைதானத்து 17-ஆவது ஹோல். நீளம் 137 யார்டு. 1980-இல் திறந்த அந்த மைதானத்தை அமைத்தவர் பீட் டை. தீவு யோசனை அவர் மனைவி ஆலிஸ் டையுடையது. மற்ற ஹோல்களுக்கு மணல் அள்ளி அள்ளி அங்கே பெரும் பள்ளமாகிவிட, அதில் தண்ணீர் விட்டார்கள். பார்க்கப் பிரமாதமான ஹோல், மறுக்க முடியாது. 2007 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியின் முதல் சுற்றில் மட்டும் 50 பந்துகள் தண்ணீரில் விழுந்தன. 2005-இல் பாப் ட்வே அங்கே ஒரே ஹோலில் 12 அடி எடுத்தார். இவ்வளவுக்கும் ஆடியவர்கள் தொழில்முறை வீரர்கள். வாரக் கடைசியில் மட்டும் மட்டையைத் தொடுகிறவர் ஆடிக் காற்றில் அதன்முன் நின்றால், 130 யார்டு அடியில் பந்து பத்துப் பதினைந்து யார்டு பக்கவாட்டில் நகர்வது சாதாரணம். தண்ணீரில் விழுந்தால் ஓர் அடி அபராதம். அடுத்து அடிப்பது மூன்றாவது அடி. அதுவும் விழுந்தால் ஐந்தாவது. நடுவில் யோசிக்கவோ கைவேலை காட்டவோ எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப அதே அடிதான்.

தண்ணீர்ச் செலவும் இங்கே கட்டாது. 1000 சதுர மீட்டர் குளத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 6000 லிட்டர் போயிற்று. ஊருணித் தண்ணீரை நம்பிக் குடங்கள் வரிசையில் நிற்கும் மாவட்டத்தில் இது செய்யத்தக்க காரியமல்ல. தீவுதான் வேண்டும் என்பவர்கள் தண்ணீருக்குப் பதில் வெறும் மணற்பரப்பை விடலாம். அப்போது பந்து கிடைக்கும், அடிக்கவும் முடியும். ஆனால் அது தீவாக இருக்காது, அடுத்த மாதிரியின் தம்பியாகிவிடும்.

அந்த அடுத்த மாதிரி, ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்து எட்டாவது ஹோல். 123 யார்டுதான். கிரீன் அவ்வளவு சிறியது என்பதால் தபால்தலை என்றே பெயர். ஐந்து மணற்குழிகள், இடப்பக்கத்துக் குழிக்குச் சவப்பெட்டி என்று பெயர். 1950-இல் ஹெர்மன் டிஸ்ஸீஸ் என்ற ஜெர்மானிய அமெச்சூர் இதில் 15 அடி எடுத்தார். 1973-இல் 71 வயது ஜீன் சாரசன் 5 அயர்னால் ஒரே அடியில் குழிக்குள் போட்டார். மறுநாள் பந்து மணற்குழிக்குப் போக, அங்கிருந்தே அடித்துக் குழிக்குள் அனுப்பி இரண்டில் முடித்தார். தீவில் இந்த இரண்டாவது நாள் நடந்திருக்காது. பிசகின பந்தை மீட்க வழி உண்டு, ஆனால் மீட்பு கடினம். மணற்குழி கொடுக்கும் சுகம் இதுதான்.

இங்கே கட்டும்போது வரும் சிக்கல் மணல்தான். காய்ந்த கடற்கரை மணல் ஏறக்குறைய 33 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். ஸ்காட்லாந்தில் புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். அந்தப் பாளம் இங்கே வெயிலில் காய்ந்து உதிரும். பனைமரத்தின் வைரம் ஏறிய பகுதியைப் பலகையாக அறுத்து நெருக்கமாக நட்டால் நிற்கும். ஆனால் கட்டைச் சுவரில் பட்ட பந்து அடித்தவர் முகத்துக்கே திரும்பும் என்பதால் உயரம் இரண்டடிக்கு மேல் போகக் கூடாது. மேல்விளிம்பில் புல் கவிந்திருக்க வேண்டும். குழி அகலமாக இருந்தால் காற்று மணலை வாரிக்கொண்டு போகும். நாலைந்து மீட்டர் குறுக்களவுள்ள ஆழமான குழிகள் மூன்று போதும்.

மூன்றாவது சாய்தளம். ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கில் 15-ஆவது ஹோல், கிரிமியப் போர்க்காலக் கோட்டை அரண் ஒன்றின் பெயரால் ரெடான் என்று அழைக்கப்படுகிறது. 190 யார்டை ஒட்டிய நீளம். மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் நியூயார்க் பக்கத்தில் தன் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸில் நான்காவது ஹோலாக வைத்தார். கிரீன் டீயைப் பார்த்து நேராக இல்லாமல், முன்வலப்பக்கத்திலிருந்து பின்னிடப்பக்கத்துக்குக் கோணலாகக் கிடக்கும். தரையும் அதே திசையில் இறங்கும். முன்னிடப்பக்கத்தில் ஓர் ஆழமான மணற்குழி. குழிக்கு மேலே பந்தைத் தூக்கி நேராக இறக்கலாம். அல்லது வலப்பக்க மேட்டில் போட்டுச் சரிவில் உருட்டி விடலாம். உயரமாக அடிக்கத் தெரியாதவருக்கும், வயதானவருக்கும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் இந்த இரண்டாவது வழி திறந்தே கிடக்கும். இங்கே போடத் தகுந்தது இதுதான்.

130 யார்டுக்குச் சுருக்கி, தென்கிழக்கு நோக்கி ஆடும்படி போட்டால் இந்த ஊர்க் காற்று அதை இரண்டு ஹோலாக்கிவிடும். ஆடியில் தென்மேற்குக் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். சரிவும் காற்றும் சேர்ந்து இழுக்க, உயரமாக அடித்த பந்து பின்னிடப்பக்கம் ஓடி விழுந்துவிடும். எனவே பந்தைத் தாழ்வாக, கிரீனுக்குப் பத்துப் பதினைந்து யார்டு முன்னால், வலப்பக்கம் இறக்க வேண்டும். மார்கழி வாடையில் காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து சரிவுக்கு எதிராகத் தள்ளும். அப்போது உருட்டின பந்து மேட்டிலேயே நின்றுபோகும். குழிக்கு மேலே நேராகத் தூக்கின பந்துதான் சட்டென்று நிற்கும். ஆறு மாதம் கைகொடுத்த வழி அடுத்த ஆறு மாதம் கைவிடும். மறுநாளும் வர வைப்பது இதுவே.

தாழ்வாக அடிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தப்பு, காற்றை வெல்ல வேகமாக வீசுவது. வேகம் கூடினால் பந்தின் பின்சுழற்சியும் கூடும், பந்து மேலே எழும்பி அங்கேயே தொங்கும். வழக்கத்தைவிட இரண்டு நம்பர் குறைந்த, நீளமான மட்டை, பந்து வலக்கைக்காரருக்கு வலக்கால் பக்கம் ஒரு பந்தளவு தள்ளி, கைகள் பந்துக்கு முன்னால், முக்கால் வீச்சு: இவ்வளவுதான்.

சாய்தளம் கெட்டுப்போவது தரையால். நம் மணலில் விழுந்த பந்து குதிக்காது, புதையும். உருட்டும் வழியே அடைபட்டுப்போகும். வலப்பக்க மேட்டுக்கு 15 சென்டிமீட்டர் சரளை கலந்த செம்மண்ணைப் பரப்பி ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். மேலே 5 சென்டிமீட்டர் மணற்பாங்கான மண், அதில் அருகம்புல். உலகம் பெர்முடா புல் என்று விலைகொடுத்து வாங்குவது நம் வரப்பில் கிடக்கும் இந்த அருகம்புல்லின் இனம்தான். கிணற்று நீர் உப்பேறிய இடத்தில் கடற்கரைப் பாஸ்பாலம் புல் தாங்கும். மேட்டில் சாய்வு நூற்றுக்கு நான்கு வரை போகலாம்; கொடிக்குழி வைக்கும் பகுதியில் இரண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பட்டரால் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டையால்) தொட்ட பந்து நிற்காமல் ஓடும். தண்ணீரை அதிகம் விடுவது தரைக்கு விஷம்: புல் பச்சையாக இருக்கும், பந்து குதிக்காது. சற்றே பழுத்த புல்லே நல்ல ஆட்டத்துக்கு அடையாளம்.

புல் வளர்க்கத் தண்ணீரே இல்லையென்றால், வறண்ட ஊர்களில் செய்வதுபோல் இறுக்கிய மணலையே கிரீனாக்கலாம். அப்போது தபால்தலையே பொருத்தம், ஏனென்றால் மணல் சாய்தளத்தை மழை ஒரே இரவில் அரித்துவிடும். மணலைக் கெட்டியாக்க எஞ்சின் ஆயில் ஊற்றும் பழைய வழக்கம் நிலத்தடி நன்னீர் ஆழமில்லாத இந்தக் கரையில் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெளித்து இழுபலகை போட்டால் போதும்.

ஓங்கி அடித்தால் கிரீனை எட்டலாம் என்ற ஆசை காட்டும் குறுகிய பார் 4 ஹோல்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் ரிவியராவின் 10-ஆவது, 315 யார்டு, அதில் தலைசிறந்தது. மூன்று ஏக்கரில் அடங்காது என்பதால் இந்தப் பேச்சில் அதற்கு இடமில்லை.

டீ மூன்று வேண்டும்: 70, 105, 130 யார்டுகளில். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. 70 யார்டு டீயை வலப்பக்கம் நகர்த்தி வைத்தால் மணற்குழி வழியிலிருந்து விலகி, புதியவருக்குச் சரிவு முழுதும் கண்முன் தெரியும். 130 யார்டு டீ இடப்பக்கம், மணற்குழி நேர் எதிரே. குழிக்கொடியை ஆடி மாதத்தில் முன்வலப்பக்கத்திலும் மார்கழியில் பின்னிடப்பக்கத்திலும் நட வேண்டும்.