ஜியோஃபோம் கட்டிகள்: பாரம் குறைக்கும், தண்ணீர் கண்டால் கிளம்பும்

கீழே கார் நிறுத்துமிடம், மேலே தோட்டம். சிங்கப்பூரில் நம் கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடிகளில்) பல புல்மேடுகள் கான்கிரீட் தளத்தின் மேல்தான் இருக்கின்றன. மேடு முழுக்க மண் கொட்டினால் தளம் தாங்காது. அதனால் அடியில் இபிஎஸ் ஜியோஃபோம் அடுக்குகிறார்கள். 1972ல் நார்வேயில் சாலைக் கரைக்குப் போட்ட சரக்கு இது. மீன் பெட்டித் தெர்மாகோலின் இனம்தான், ஆனால் அளந்த அடர்த்தியும் அளந்த தாங்குதிறனும் உண்டு. வேலைக்கு ஏற்ற சரக்கு என்பதே எங்கள் தீர்ப்பு, வடிகால் ஒழுங்காக இருக்கும்வரை.

பாரக் கணக்கைப் பாருங்கள். நனைந்த மண் கன மீட்டருக்கு 1,700 கிலோ என்று வைத்தால், 900 மில்லிமீட்டர் மேடு சதுர மீட்டருக்கு 1,530 கிலோ அழுத்தும். அடியில் 450 ஜியோஃபோம், மேலே 450 மண் என்றால் 775 கிலோவுக்குள் அடங்கிவிடும். புதர்ச் செடிகளுக்கு அந்த மண் போதும். மரம் வைக்கும் இடத்தில் ஃபோமை விட்டுவிட்டு முழு ஆழத்துக்கும் மண் போட வேண்டும், அதுவும் தூணுக்கு நேர் மேலே. எப்படியானாலும் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் தளத்தில் பாரம் ஏற்றாதீர்கள்.

தரம் வாங்குவதில்தான் ஏமாற்று நடக்கிறது. புல்தரைக்கு இபிஎஸ்15 போதும், 1 விழுக்காடு நசுங்கும்போது 25 கிலோபாஸ்கல் தாங்கும். நடைபாதைக்கு 40 தாங்கும் இபிஎஸ்19 கேளுங்கள். வந்த கட்டியில் அரை மீட்டர் கனசதுரம் ஒன்றை அறுத்துத் தராசில் வையுங்கள். இபிஎஸ்19 என்றால் 2.3 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒரு துண்டை ஒடித்தும் பாருங்கள். முத்துகள் உடைந்து ஒடிந்தால் நல்ல சரக்கு, முத்து முத்தாக உதிர்ந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இனி தண்ணீர். 450 மில்லிமீட்டர் ஃபோம் முழுக்க மூழ்கினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 440 கிலோ மேல்நோக்கித் தள்ளும். மேல்மண்ணின் 765 கிலோ அதை அமுக்கிவிடும் என்று தோன்றும். ஆனால் வடிகால் அடைத்து, தண்ணீர் மண்ணின் மேல்மட்டம் வரை தேங்கினால் அந்த மண்ணும் மூழ்கிவிடுகிறது, அதன் நிகர பாரம் 315 கிலோதான். மேடு கிளம்பும், புல் விரியும், ஓரத்தில் கட்டி எட்டிப் பார்க்கும். மாலை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் போதும். மண் கொட்டுமுன் கட்டிகள் சும்மா கிடக்கும் நாள்கள் இன்னும் மோசம். சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையில் அடித்தால் பறந்தேவிடும். வலையும் மணல்மூட்டையும் போட்டு வையுங்கள்.

அடுக்கும் முறை இது: நீர்க்காப்பு, வேர்த் தடுப்பு, 30 மில்லிமீட்டர் வடிகால் தட்டு, அதன் மேல் ஃபோம். செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் மாறி மாறி வர வேண்டும். அடுக்குகளுக்கிடையே முள்தகடு வைத்து அழுத்துங்கள், நழுவாது. மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி, 300 மில்லிமீட்டர் மேல்மடிப்போடு, சுவர் ஓரத்தில் மண்மட்டம் வரை ஏற்றி விரியுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் மண் இடுக்கில் இறங்கி, ஆறு மாதத்தில் புல்லில் குழி விழும். வடிகால் வாய் ஒவ்வொன்றின் மேலும் திறந்து பார்க்க மூடி வேண்டும். அங்கே தண்ணீர் தேங்கினால் கொசுவும் வரும், அபராதமும் வரும்.

கரைப்பான் கலந்த பசையும் பெட்ரோலும் இதற்கு எமன். நீர்க்காப்புப் பூச்சு நன்றாகக் காயுமுன் ஃபோம் வைத்தால் அடிப்பக்கம் உருகிக் குழியாகிவிடும். புல்வெட்டியில் பெட்ரோல் ஊற்றுவதைத் தோட்டக்காரர் மேட்டை விட்டுத் தள்ளிச் செய்யட்டும். அறுக்க ரம்பம் வேண்டாம், சூட்டுக் கம்பிதான் சரி. ரம்பத்தில் உதிரும் முத்துகள் கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போய்விடும், பொறுக்கி மாளாது. எறும்பும் கரையானும் உள்ளே குடைந்து கூடு வைக்கும் என்பதால் பூச்சித் தடுப்பு கலந்த வகை கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

தரை வீட்டுத் தோட்டத்தில், அதுவும் நிலத்தடி நீர் மேலே நிற்கும் தாழ்வான இடத்தில், இதைப் புதைக்காதீர்கள். அங்கே பாரம் ஒரு பிரச்சினையே இல்லை, மண்ணே போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பூந்தொட்டியின் அடியில் தெர்மாகோல் பெட்டித் துண்டுகளைப் போடுவதும் தொட்டியை நகர்த்த வசதி, அவ்வளவுதான். அதனால் வடிகால் மேம்படாது: தண்ணீர் துண்டுகளுக்கு மேலே, மண்ணிலேயே தங்கும்.